ஒண்ணுமே தோணாத நிலை துரியமா?

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிடுங்க. பாதியில நிறுத்தினா நான் தியானத்துக்கு எதிரா எழுதின மாதிரி ஆகிடும்.

கொஞ்ச நாளா நம்ம குரூப்புகள்ல உணர்வு நிலைகள் பத்தின படங்கள் நிறைய சுத்துது. ஒரு ஏணி வரைஞ்சிருப்பாங்க. அடியில பயம், கோபம். நடுவுல அன்பு. உச்சியில ஞானம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்துல ஒரு நம்பர். நீங்க எந்தப் படின்னு கீழே கேள்வி. இன்னொரு பக்கம், இத்தனை நாள்ல துரிய நிலைக்குக் கூட்டிட்டுப் போறோம்னு வீடியோ. இதையெல்லாம் பார்த்துட்டு எனக்கு ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். படிச்சு முடிச்சு வேலை தேடிட்டு இருக்கிறவர். தினமும் மூணு நாலு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்றாராம். அவர் சொன்னதோட சாரம் இதுதான்: "அண்ணா, இப்பல்லாம் உட்கார்ந்தா எதுவுமே தோணல. எழுந்த பிறகும் அப்படியே இருக்கு. நேத்து அம்மா அழுதாங்க, அதுக்குக் கூட உள்ளே ஒண்ணும் ஆகல. இதுதான் துரியமா? வைராக்கியம் வந்துருச்சா?"

இந்தக் கேள்வியைச் சிரிச்சுட்டு விட முடியாது. தாயோட கண்ணீர் தன்னைத் தொடாம இருக்கிறதை ஒருத்தர் ஆன்மிக வளர்ச்சின்னு எடுத்துக்கிட்டா, அதுக்கு மேல அவர் வாழ்ற வாழ்க்கை முழுக்க அந்தக் கணக்குலதான் போகும். அதனால கேள்வியை நேராவே எடுத்துக்கறேன். மனசு அடங்கி ஒண்ணுமில்லாம ஆகுதுன்னா, அது மேலே போனதா, கீழே போனதா?

உணர்வு நிலைகளைப் பத்திப் பேசறவங்க எல்லோரும் கடைசியில வந்து நிக்கற இடம் மாண்டூக்ய உபநிஷத். மொத்தமே 12 மந்திரம். ஓங்காரத்தோட அ, உ, ம என்ற மூணு மாத்திரையையும் விழிப்பு, கனவு, ஆழ்ந்த தூக்கம் என்ற மூணு நிலையோட பொருத்திட்டு, மாத்திரையே இல்லாத நாலாவதைத் துரியம்னு காட்டுது. (சுவாமிமலையில நம்ம ஐயன் அப்பாவுக்கே சொன்ன பிரணவப் பொருள்னு கேட்டு வளர்ந்தவங்களுக்கு இந்த உபநிஷத் ரொம்ப நெருக்கமா இருக்கும்.) இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. துரியத்தை அது இல்லை, இது இல்லைன்னு தள்ளிக்கிட்டே வர்ற அந்த மந்திரம், அறிவில்லாத நிலையும் அது இல்லைன்னு சேர்த்துச் சொல்லிடுது. இதுக்குக் காரிகை எழுதின கௌடபாதர் இன்னும் உடைச்சுச் சொல்றார். தூக்கத்திலயும் ரெண்டு தெரியறதில்லை, துரியத்திலயும் ரெண்டு தெரியறதில்லை. ஆனா தூக்கத்துல அறியாமையோட விதை அப்படியே இருக்கு, துரியத்துல அந்த விதை கிடையாது. வெளியிலேருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

இதே விஷயத்தைப் போன நூற்றாண்டுல ஐரோப்பாவுல ஒருத்தர் தலையில அடிச்சுக்காத குறையாச் சொல்லிட்டு இருந்தார். ரெனே கெனோன். 1886-ல பிரான்ஸ்ல புளுவா ஊர்ல பிறந்தவர். கணிதம் படிக்க பாரிஸுக்கு வந்தார். அந்தக் காலத்து பாரிஸ் எப்படின்னா, இன்னைக்கு நம்ம இன்ஸ்டாகிராம் மாதிரி. ஆவியோட பேசறவங்க, ரகசிய சங்கம் நடத்தறவங்க, தெருவுக்கு ஒரு குரு. கெனோனும் அதுல பல குழுக்கள்ல நுழைஞ்சு பார்த்தவர்தான். பார்த்துட்டு வெளியே வந்து, 1921-ல தியாசபி இயக்கத்தைக் கிழிச்சு ஒரு புத்தகம், 1923-ல ஆவி பேசறவங்களைக் கிழிச்சு ஒரு புத்தகம் எழுதினார். 1925-ல "வேதாந்தத்தின்படி மனிதனும் அவன் ஆவதும்" என்ற பொருள்ல ஒரு நூல். மாண்டூக்யத்தோட நாலு நிலையையும் ஐரோப்பியப் படிப்பாளிகளோட சொந்த வியாக்கியானம் கலக்காம, சங்கரர் மரபு எப்படிச் சொல்லுதோ அப்படியே சொல்லணும்னு எழுதினது. 1930-ல கெய்ரோவுக்குப் போனவர் அங்கேயே தங்கிட்டார். இஸ்லாமிய சூஃபி வழியில வாழ்ந்து 1951-ல காலமானார். இந்தியாவுக்கு ஒரு தடவை கூட வந்ததில்லை.

இவரையும் இவர் வழியில எழுதினவங்களையும் மரபுவாதிகள்னு சொல்வாங்க. இவங்களோட அடிப்படை எளிமையானது. உண்மை அநாதியானது, ஒவ்வொரு பெரிய மரபும் அதைத் தன் மொழியில வெச்சிருக்கு. ஒவ்வொரு மரபுக்கும் ஒரு வெளிப்புறம், ஒரு உட்புறம் உண்டு. வேர்க்கடலை மாதிரி நினைச்சுக்கோங்க. ஓடு வேற, பருப்பு வேற. ஆனா ஓடு இல்லாம பருப்பு விளையாது. கோயில், விரதம், பூஜை எல்லாம் சின்னப் பசங்களுக்கு, நான் நேரா உள்ளே போயிடறேன்னு சொல்றவரை கெனோன் நம்பவே மாட்டார். உள்ளே போறதுக்கு குரு பரம்பரையில தீட்சையும் வேணும், வெளி ஒழுக்கமும் வேணும்பார்.

நம்ம தம்பியோட கேள்விக்கு இவர் உதவறது 1945-ல வந்த நூல்ல. எண்ணிக்கையின் ஆட்சின்னு தலைப்பு வர்ற புத்தகம். அதுல ஒரு உருவகம் சொல்றார். உலகத்தைச் சுத்தி ஒரு பெரிய சுவர் இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல்ல மேலே திறந்திருந்த வழியை மனுஷன் அடைச்சான். கடவுளும் இல்லை, ஒண்ணும் இல்லை, தொட்டுப் பார்க்கறது மட்டும்தான் நிஜம்னான். கொஞ்ச காலம் அந்த மூடின கூட்டுக்குள்ளேயே இருந்தான். மூச்சு முட்டிச்சு. அப்புறம் சுவர்ல விரிசல் விழ ஆரம்பிச்சது, ஆனா அந்த விரிசல் கீழ்ப்பக்கமாத் திறக்குது. மேலே போற வழின்னு நினைச்சு ஜனங்க அதுக்குள்ள இறங்கறாங்க. மனசோட அடித்தளத்துல கிடக்கற குழப்பமான சக்திகள், காட்சிகள், மயக்கங்கள் எல்லாத்தையும் ஆன்மிகம்னு பேர் வெச்சுக் கும்பிடறாங்க. புத்திக்கு மேல இருக்கறதும் புத்திக்குக் கீழ இருக்கறதும் புத்தி இல்லாததுங்கற அளவுல ஒண்ணு மாதிரி தெரியும்; அந்த ஒத்துமைதான் ஆளை ஏமாத்துதுங்கறது அவரோட வாதம். 75 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கு நம்ம ஃபோனைத் திறந்தா வர்ற பாதி வீடியோவுக்கு இது பொருந்துது.

இதுல நமக்கு ஒரு சொந்தமும் இருக்கு. கெனோனோட எழுத்தை இங்கிலீஷ் வாசகர்கள்கிட்ட கொண்டு போனவங்கள்ல முக்கியமானவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-ல கொழும்புல பிறந்தவர். அப்பா பேர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர். வைத்தீஸ்வரன் கோயில் போனவங்களுக்கு அந்தப் பேர் யாரோடதுன்னு சொல்ல வேண்டியதில்லை. அம்மா ஆங்கிலேயப் பெண்மணி. அப்பா 1879-லயே தவறிட்டதால பையன் இங்கிலாந்துல வளர்ந்தார். நிலவியல் படிச்சு இலங்கையில கனிமங்கள் தேடினவர், அப்படியே கலைக்கும் தத்துவத்துக்கும் வந்து, 1917-லேருந்து பாஸ்டன் அருங்காட்சியகத்துல இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்துக்கிட்டார். சிவ தாண்டவத்தைப் பத்தி அவர் எழுதின பேர்போன கட்டுரை இருக்கும் தொகுப்பு 1918-ல வந்தது. அதுல அவர் ஆதாரமா எடுத்துக்கறது திருமந்திரமும் உண்மை விளக்கமும். நடராஜரைச் சித்தாந்த சாத்திரம் வழியா உலகத்துக்குச் சொல்லியிருக்கார்.

இன்னொரு சின்ன விஷயம். பௌத்தம் உண்மையான மரபே இல்லைன்னு கெனோன் முதல்ல பிடிவாதமா எழுதியிருந்தார். குமாரசுவாமியும் மார்கோ பாலிஸும் எடுத்துச் சொன்ன பிறகு மாத்திக்கிட்டார். எப்பவும் தீர்ப்பு சொல்ற தொனியில எழுதற மனுஷர் அவர். அவரே இறங்கி வந்த இடம் அது. எனக்கு அவர் மேல கொஞ்சம் பிரியம் வந்ததே இதைப் படிச்ச பிறகுதான்.

சரி, கெனோன் போனது பெரும்பாலும் அத்வைத நூல்கள் வழியா. அவர் மேல், கீழ்னு பிரிச்சதை இன்னும் நுணுக்கமா, எண்ணிக்கையோட, நம்ம மெய்கண்ட சாத்திரங்கள் வெச்சிருக்கு. சிவஞானபோதத்தோட நாலாவது சூத்திரத்துல மெய்கண்டார் உயிருக்கு அஞ்சு அவத்தைன்னு சொல்றார். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். தமிழ்ல நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். மந்திரிகளோட இருக்கற ராஜா மாதிரி உயிர் கருவிகளோட இருக்குன்னு உவமை.

ராஜா கொலுமண்டபத்திலேருந்து அந்தப்புரத்துக்குப் போறார்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு வாசல்லயும் கூட வந்தவங்கள்ல சிலரை நிறுத்திட்டுப் போவார். அதே மாதிரி, நனவுல உயிர் புருவ நடுவுல நின்னு 35 கருவிகளோட வேலை செய்யுது. கனவுல கண்டத்துக்கு இறங்கும்போது கண், காது முதலான அஞ்சும், கை, கால் முதலான அஞ்சும் வெளியே நின்னுடும், மீதி 25. உறக்கத்துல இருதயம், அங்கே சித்தம், பிராணன், புருடன்னு மூணே மூணு. பேருறக்கத்துல நாபி, ரெண்டு. உயிர்ப்படங்கல்ல மூலாதாரம், புருடன் ஒண்ணு மட்டும்.

இப்போ இந்த வரிசையை இன்னொரு தடவை பாருங்க. புருவம், கழுத்து, நெஞ்சு, நாபி, மூலாதாரம். உயிர் கீழே இறங்கிக்கிட்டே இருக்கு! இதுக்குக் கீழாலவத்தைன்னே பேர். இங்கே துரியம், துரியாதீதம் ரெண்டும் ஆணவ இருட்டுக்குள்ள இன்னும் ஆழமாப் போறது. கருவிகள் ஒவ்வொண்ணா கழண்டு, உயிர் எதையும் அறியாம கிடக்கற நிலை. வீடியோவுல உச்சின்னு காட்டற அதே பேரு, இங்கே பாதாளத்துல இருக்கு.

அப்போ உச்சி இல்லையான்னா, இருக்கு. இதே அஞ்சு பேரையும் வெச்சு, திருவருளோட கூடின உயிருக்கு நின்மல அவத்தைன்னு சித்தாந்தம் தனியாச் சொல்லுது. அங்கேயும் கருவிகள் கழலும். ஆனா அங்கே உயிர் இருட்டுல கிடக்கறதில்லை, அருளைத் துணையாக் கொண்டு அறியுது. ஒரே பேர், ரெண்டு திசை. துரியம் வந்துருச்சான்னு கேட்டா, எந்தத் துரியம்னு திருப்பிக் கேட்கற மரபு நம்மளோடது.

தம்பிக்கு நான் எழுதினதும் இதைத்தான். அதோட ரெண்டு விஷயம் சேர்த்துச் சொன்னேன். முதலாவது, உட்கார்ற நேரத்தைக் குறைச்சுட்டு, கண்ணைத் திறந்துகிட்டு வாய்விட்டு திருப்புகழ் பாடுங்க. ரெண்டாவது, சரியாத் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கல, தன் உடம்பே தனக்கு அந்நியமாத் தோணுதுன்னா தயவுசெஞ்சு ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க. அதுல பக்திக்கு ஒரு குறையும் வராது. வேலை கிடைக்காத கவலையில மனசு மரத்துப் போறது உலகத்துல நடக்கறதுதான். அதுக்கு வைராக்கியம்னு பேர் வெச்சா வைத்தியம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

மனசு சும்மா அடங்கிப் போறதுக்கு வடமொழியில லயம்னு பேர். ரமண மகரிஷி இதைத் திரும்பத் திரும்ப எச்சரிச்சிருக்கார். 1927-ல முருகனார் கேட்டுக்கிட்டதால பாடின உபதேச உந்தியார்லயும், மன ஒடுக்கத்துல லயம், நாசம்னு ரெண்டு வகை பிரிச்சு, லயமானது திரும்ப எழும்னு சொல்றார். அவர் சொன்னதா பக்தர்கள் குறிச்சு வெச்சிருக்கற ஒரு கதை உண்டு. கங்கைக் கரையில ஒரு தபசி. தாகம் எடுக்குது, சீடனைத் தண்ணி கொண்டு வரச் சொல்லிட்டுக் கண்ணை மூடினவர் லயத்துல போயிட்டார். எத்தனையோ காலம் ஓடிப் போச்சு. சீடன் இல்லை, ராஜ்யங்கள் மாறிடுச்சு, கங்கையே தடம் மாறிடுச்சு. கண்ணைத் திறந்தவர் வாயிலேருந்து வந்த முதல் வார்த்தை: எங்கே தண்ணி?

அத்தனை காலமும் அவருக்குள்ள எண்ணமே இல்லைதான். ஆனா தாகம் வெச்ச இடத்துலயே இருந்துச்சு. கௌடபாதர் சொன்ன விதை இதுதான்.

நம்ம கந்தபுராணத்துல இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கு, ஆனா நாம அதை இப்படிப் பார்க்கறதில்லை. சூரபத்மனை விடத் தீவிரமாத் தவம் பண்ணினவங்க யாரு? பெரிய வேள்வி நடத்தி, கடைசியில தன்னையே தீயில போட்டவன் அவன். சிவபெருமானே வந்து 1008 அண்டத்தையும் 108 யுகம் ஆளற வரம் கொடுத்தார். அந்த ஒருமுகப்பாட்டுல அவனை எந்த ஏணியில வெச்சாலும் உச்சியிலதான் வைக்கணும். திசை மட்டும் தப்பு. நான் என்கிறது அந்தத் தீயிலயும் வேகல. தவத்தோட ஆழத்தை மட்டும் வெச்சு ஒருத்தரை மகான்னு முடிவு பண்றவங்க சூரனைப் பத்தி என்ன சொல்வாங்கன்னு எனக்குக் கேட்கத் தோணும்.

இங்கே மரபுவாதிகள் கிட்ட எனக்கு இருக்கற ஒரு சண்டையையும் சொல்லிடறேன். உணர்வுல படிகள் இருக்குன்னா, மனுஷங்களையும் படிப் படியா அடுக்கலாமேன்னு ஒரு ஆசை வரும். இத்தாலியில யூலியஸ் எவோலான்னு ஒருத்தர். கெனோனைப் படிச்சவர். அந்த மேல்படி கீழ்படிப் பேச்சை எடுத்து அரசியல்ல கொண்டு போய் வெச்சார். 1941-ல இனக் கொள்கை பத்திப் புத்தகம் எழுதி, அது முசோலினிக்குப் பிடிச்சுப் போன அளவுக்குப் போயிடுச்சு. கெனோன் அந்த வழியில போகல. ஆனாலும் ஞானம் சிலருக்குத்தான், மீதி ஜனத்துக்குப் புரியாதுங்கற அவரோட தொனி அந்தக் கதவைச் சாத்தி வைக்கலன்னுதான் எனக்குப் படுது. நம்ம ஊர்ல இது எந்த ரூபத்துல வரும்னு விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பிறப்பை வெச்சு அடுக்கினவங்க, இப்போ அதிர்வெண்ணை வெச்சு அடுக்கறாங்க.

அவத்தைக் கணக்கு இதுக்கு இடம் கொடுக்கல. அஞ்சு அவத்தை எல்லா உயிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல கலெக்டருக்கும் கருவி 35-லேருந்து மூணா குறையும், தெருக் கூட்டற அக்காவுக்கும் குறையும். மடாதிபதி கனவுலயும் கண்டத்துலதான் நிக்கணும். படிகள் ஒவ்வொருத்தருக்கு உள்ளேயும் இருக்கு, ஒரே நாள்லயே நாம ஏறி இறங்கிட்டு இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனாவது படின்னு பார்க்கறதுக்கு அதுல அளவுகோல் எதுவும் கொடுக்கல.

அப்போ மேலே போறோமா கீழே போறோமான்னு நமக்கு எப்படித் தெரியும்? கெனோன் கேட்டா, உனக்குத் தானாத் தெரியாது, பரம்பரையில வந்த குரு வேணும்னு முடிச்சுடுவார். தூங்கறவனுக்குத் தான் தூங்கறது தெரியாது, முழிச்சிருக்கற ஒருத்தர்தான் சொல்லணும்ங்கற அளவுல அது சரிதான். ஆனா நம்மள்ல பலருக்கு அப்படி ஒரு குரு கிடைக்கல. குருன்னு சொல்லிக்கிட்டுப் பணம் கேட்கறவங்க நிறையக் கிடைக்கறாங்க. அதுக்காக எல்லாத்தையும் நிறுத்திட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கௌடபாதரே ஒரு கைப்பிடி கொடுத்திருக்கார். மனசு லயத்துல சரியும்போது அதைத் தட்டி எழுப்பு, சிதறும்போது அடக்கு. அந்த அடக்கத்துல வர்ற சுகத்தைக் கூட ருசிச்சுக்கிட்டு உட்காராதேன்னும் சொல்றார். நம்ம பாட்டிமார் ஜபமாலை உருட்டும்போது கண் சொருகினா, எழுந்து முகம் கழுவிட்டு வந்து உட்காருவாங்க. அவங்க காரிகை படிச்சதில்லை. ஆனா சரிவு எதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

என் சொந்த அபிப்ராயம் ஒண்ணு, சாத்திரம்னு எடுத்துக்க வேண்டாம். உட்கார்ந்து எழுந்த பிறகு வீட்டுல இருக்கறவங்க முகம் முன்னை விடத் தெளிவாத் தெரியுதான்னு பாருங்க. அருளோட கூடின நிலையில அறிவு கூடணும்னுதான் சித்தாந்தம் சொல்லுது. அறிவு கூடினா எதிர்ல அழறவங்க அழறது முதல்ல தெரியணும். அழுகை உங்களைப் புரட்டிப் போடாம இருக்கலாம், அது வேற. தெரியவே இல்லைன்னா கருவி கழண்டிருக்கு, விளக்கு ஏறல.

நாலாம் சூத்திரத்தை உரையோட படிக்கணும்னு நினைக்கறவங்க தனியா இணையத்துல பிடிஎஃப் வெச்சுக்கிட்டுத் திண்டாட வேண்டாம். திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்கள்ல சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி மையம் நடத்தறாங்க. உங்க ஊர்ச் சிவன் கோயில்ல விசாரிச்சாலே பக்கத்துல எங்கே வகுப்புன்னு சொல்லிடுவாங்க. 35 கருவி எதெதுன்னு பலகையில போட்டுக் கேட்கறது வேற அனுபவம். கணக்குல நான் விட்டிருக்கற நுணுக்கம் நிறைய. மத்தியாலவத்தை, மேலாலவத்தைன்னு இன்னும் ரெண்டு அடுக்கு இருக்கு, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

வேலும் மயிலும் துணை.